திராட்சை போட்ட பியர் யாருடையது? ஒரு இத்தாலியக் கதை

அமெரிக்காவில் பியர் போட்டிகளுக்கு நடுவர்களைத் தேர்வு வைத்து உருவாக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. பெயர் பியர் ஜட்ஜ் சர்ட்டிஃபிகேஷன் புரோகிராம், சுருக்கமாக பி.ஜே.சி.பி. உலகத்தில் என்னென்ன வகை பியர் இருக்கிறது, ஒவ்வொன்றும் எப்படி இருக்க வேண்டும் என்று இவர்கள் ஒரு கையேடு வெளியிடுகிறார்கள். பரதநாட்டியத்தில் அடவு பார்த்து மார்க் போடுவது மாதிரி, நுரை, நிறம், வாசனை, கசப்பு எல்லாவற்றுக்கும் அதில் இலக்கணம் உண்டு. 2015-இல் வந்த பதிப்பின் கடைசியில், 'வட்டார வகைகள்' என்ற பின்னிணைப்பில், 'இத்தாலியன் கிரேப் ஏல்' என்று ஒரு வகை புதிதாக ஏறியது. பார்லி மால்ட்டோடு திராட்சையையும் சேர்த்து நொதிக்கவைத்த பியர். அடுத்த பதிப்பு 2021-இல் வந்தது. அந்த வகை பின்னிணைப்பிலிருந்து எழுந்து, பழ பியர்களுக்கான முக்கியப் பட்டியலுக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. பதவி உயர்வுதான். ஆனால் பெயர் வெறும் 'கிரேப் ஏல்' ஆகிவிட்டது. 'இத்தாலியன்' என்ற சொல்லைக் காணோம்.

ஒரு சொல் போனதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. தோண்டத் தோண்டத்தான் தெரிந்தது, அந்த ஒரு சொல்லுக்காக இத்தாலியப் பியர்காரர்கள் கிட்டத்தட்ட 20 வருஷம் உழைத்திருக்கிறார்கள் என்று. (முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கீழே வருகிற பியர்களில் ஒன்றைக்கூட நான் குடித்துப் பார்த்ததில்லை. இது படித்து எழுதியது, ருசித்து எழுதியதல்ல.)

முதலில், இத்தாலிக்கும் பியருக்கும் என்ன உறவு? ஒயின் நாடு என்றுதான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வட இத்தாலியில் பியர் ரொம்பப் பழசு. பியெத்மோந்தே மாநிலத்தில் பொம்பியா என்ற ஊரில், கோலசெக்கா பண்பாட்டைச் சேர்ந்த கி.மு. 6-ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்று கிடைத்தது. அதிலிருந்த கோப்பையில் தானியத்தில் செய்த பானத்தின் எச்சம் ஒட்டியிருந்தது. கூடவே ஹாப்ஸ் செடியின் தடயமும். ரோம் அப்போது ஒரு சின்ன ஊர்.

ரோம் பேரரசானபின் பியருக்கு மரியாதை போயிற்று. கௌல், ஜெர்மானிய நாட்டு மக்கள் தானியத்தை ஊறவைத்து எதையோ குடிக்கிறார்கள் என்று பிளினியும் டாசிட்டஸும் எழுதுகிற தொனியிலேயே ஒரு மூக்குச் சுளிப்பு தெரியும். 4-ஆம் நூற்றாண்டுப் பேரரசர் ஜூலியன் பியரைக் கிண்டல் செய்து கிரேக்கத்தில் ஒரு குட்டிக் கவிதையே எழுதியிருக்கிறார். ஒயினில் தேவாமிர்த வாசனை, இதில் ஆட்டு வாடை என்பது அதன் சாரம். ஆனால் எல்லைப்புறத்தில் நின்ற ரோமானியச் சிப்பாய் என்ன குடித்தான்? பிரிட்டனில் ஹேட்ரியன் சுவருக்குப் பக்கத்தில் விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த மரப்பலகைக் கடிதங்களில் ஒன்று, மாஸ்க்ளஸ் என்ற படைத்தலைவன் எழுதியது. என் ஆட்களுக்கு பியர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்பது அதில் ஒரு விஷயம். மேலே உள்ளவர்களுக்கு ஒயின், கீழே உள்ளவர்களுக்கு பியர். இந்தப் படிநிலை இத்தாலியில் அப்புறம் வெகுகாலம் அசையவே இல்லை.

நவீன காலத்தில் பியர் திரும்ப இத்தாலிக்குள் வந்தது வடக்கிலிருந்து, ஆஸ்திரிய வாடையோடு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வரிசையாக ஆலைகள் முளைத்தன: 1846-இல் விஜெவானோவில் பெரோனி, அதே வருஷம் பியெல்லாவில் மெனாப்ரியா, 1857-இல் மெரானோ பக்கம் ஃபோர்ஸ்ட், 1859-இல் ஊதினேயில் மொரெத்தி. பெரும்பாலும் ஆல்ப்ஸ் அடிவாரம். 20-ஆம் நூற்றாண்டு முழுக்க இந்த ஆலைகள் ஒரே மாதிரி மஞ்சள் லாகர் பியரைச் செய்தன. ஜனங்கள் அதைக் கோடையில், பீட்ஸாவோடு, தாகத்துக்குக் குடித்தார்கள். நல்ல சாப்பாடு என்றால் ஒயின். இன்றைக்கும் ஒரு இத்தாலியர் வருஷத்துக்குக் குடிக்கும் பியர் சராசரியாக 40 லிட்டரைத் தொடவில்லை. செக் நாட்டில் அது 120 லிட்டருக்கு மேல்.

இந்த இடத்தில் 1986 என்ற வருஷத்தைக் கவனிக்கணும். அந்த வருஷம் பியெத்மோந்தேயில் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்து விற்று சுமார் 20 பேர் செத்துப்போனார்கள். பலருக்குக் கண் போயிற்று. கள்ளச்சாராயச் சாவு என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தாலிய ஒயின் தொழிலுக்கு அது பேரிடி. ஏற்றுமதி படுத்தது. அதற்குப் பிறகுதான், அளவு முக்கியமில்லை, எந்த மண், எந்தத் திராட்சை, யார் செய்தது என்பதே முக்கியம் என்ற பேச்சு வலுவாயிற்று. அதே 1986-இல், அதே பியெத்மோந்தேயில், பிரா என்ற ஊரைச் சேர்ந்த கார்லோ பெத்ரீனியும் நண்பர்களும் தொடங்கிய இயக்கம்தான் பின்னால் 'ஸ்லோ ஃபுட்' ஆனது. வழக்கொழிந்துகொண்டிருந்த நாட்டுத் திராட்சை ரகங்களைத் தேடிப் பிடித்து மீட்பது ஒரு கௌரவமான வேலையாக மாறியது.

இதெல்லாம் ஒயின் கதை. பியருக்கு என்ன சம்பந்தம்? இருக்கு. கொஞ்சம் பொறுங்க.

1995-இல் வந்த கலால் வரிச் சட்டம், சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பியர் காய்ச்சுவதற்கு வரியில்லை என்று சொல்லிவிட்டது. மறு வருஷம், 1996-இல், ஒரே சமயத்தில் பல சின்ன ஆலைகள் திறந்தன. மிலானில் லாம்ப்ராத்தே. லூராகோ மரினோனே என்ற ஊரில் அகஸ்தீனோ அரியோலியின் பிர்ரிஃபிச்சியோ இதாலியானோ. பியெத்மோந்தேயில், புகழ்பெற்ற பரோலோ ஒயின் விளையும் குன்றுகளுக்குப் பக்கத்தில், பியோட்ஸோ என்ற கிராமத்தில் தேயோ மூஸோவின் பலாதீன். இத்தாலியக் கைவினைப் பியரின் பிறந்த வருஷம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இவர்களுக்கு முன்னால் இரண்டு சிக்கல். ஒன்று, பின்பற்ற ஒரு மரபு இல்லை. பெல்ஜியத்தில் மடாலயங்கள் இருந்தன, ஜெர்மனியில் 1516-இன் தூய்மைச் சட்டம், இங்கிலாந்தில் பப். இத்தாலியில் என்ன இருந்தது? பீட்ஸா பியர். இன்னொன்று, கச்சாப்பொருள். மால்ட்டில் பெரும்பகுதி ஜெர்மனி, இங்கிலாந்திலிருந்து, ஹாப்ஸ் செக், ஜெர்மனி, அமெரிக்காவிலிருந்து, ஈஸ்ட் பெல்ஜியத்திலிருந்து. உள்ளூர்ச் சரக்கு தண்ணீர் மட்டும்தான். இதில் 'இத்தாலியப் பியர்' என்று எதைக் காட்டி மார்தட்டுவது?

ஒரு பதில், பரிமாறும் விதத்தில் வந்தது. மூஸோ தன் பியரை 75 சென்டிலிட்டர் பாட்டிலில், ஒயின் போல, உணவகங்களுக்குக் கொண்டுபோனார். விமர்சகர் லொரென்ஸோ தபோவேயோடு சேர்ந்து காம்பு வைத்த ஒரு கோப்பையையும் வடிவமைத்தார். தபோவேயின் புனைபெயர் குவாஸ்கா. தேயோவின் 'தே', குவாஸ்காவின் 'கு' சேர்ந்து கோப்பைக்கு 'தேகு' என்று பெயர். இன்றைக்கு உலகம் முழுக்கப் பியர் கடைகளில் இருக்கும் கோப்பை அது. பாதிப் பேருக்கு அது இரண்டு ஆட்களின் பெயர் என்றே தெரியாது.

இன்னொரு பதில், உள்ளூர்ப் பொருளை உள்ளே போடுவது. முதலில் வந்தது கஷ்கொட்டை எனும் செஸ்ட்நட். மலைக் கிராமங்களில் ஏழைகளின் மாவாக இருந்த அந்தக் கொட்டையைப் போட்டு நிறைய ஆலைகள் பியர் செய்தன. இத்தாலியின் சொந்த வகை என்று ஏதாவது வருமானால் அது கஷ்கொட்டை பியராகத்தான் இருக்கும் என்று ஒரு கட்டத்தில் பலரும் நினைத்தார்கள். அப்புறம்தான் திராட்சை. கண்ணுக்கு முன்னால் மலை மலையாக இருந்த பொருள், கடைசியில்தான் கண்ணில் பட்டது. ஏன் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு: ஒயினுக்கு எதிராகத்தானே இவர்கள் பியர் பக்கம் வந்தார்கள்! அப்பா வழியில் போகாமல் ஓடி வந்தவன், அப்பாவின் தோட்டத்துக்குத் திரும்பிப் போய்ப் பழம் பறிக்கக் கொஞ்ச காலம் ஆகும்.

பி.ஜே.சி.பி. கையேட்டின் கணக்குப்படி 2006-07 வாக்கில் இரண்டு இடங்களில் இது தொடங்குகிறது: பார்லி, மோந்தேஜோகோ. (பார்லி என்பது ஒரு ஆலையின் பெயர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இரண்டும் ஒன்றுக்கொன்று ரொம்ப தூரம், இரண்டின் வழியும் வேறு. அதனால் தனித்தனியாகவே பார்க்கலாம்.

பார்லி ஆலை சார்டீனியா தீவில், தலைநகர் கால்யாரிக்குப் பக்கத்தில் மரகலகோனிஸ் என்ற ஊரில் இருக்கிறது. நிக்கோலா பெர்ரா என்பவர் வீட்டில் காய்ச்சிப் பழகி, பின்னர் 2006-இல் ஆலையாகத் தொடங்கினார். அவர் பச்சைத் திராட்சைச் சாற்றை ஊற்றவில்லை. 'சாபா'வை ஊற்றினார். சாபா என்றால், திராட்சைச் சாற்றை மணிக்கணக்கில் கொதிக்கவைத்துச் சுண்டவைத்த கரும்பாகு. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டிப் பாகு எடுக்கிற அதே வேலைதான், மரம் மட்டும் வேறு. சர்க்கரை மலிவாகக் கிடைக்காத காலத்தில் சார்டீனியக் கிராமங்களில் இதுதான் இனிப்பு; பண்டிகை ரொட்டியிலும் பலகாரத்திலும் இன்றைக்கும் சேர்க்கிறார்கள். சங்கதி என்னவென்றால், இந்தச் சொல் நேரடி லத்தீன். பண்டைய ரோமானியர்கள் 'சாபா', 'டெஃப்ருட்டம்' என்ற பெயர்களில் இதே பாகைச் சமையலிலும் ஒயினிலும் ஊற்றினார்கள். அவர்கள் அதை ஈயப் பாத்திரத்தில் காய்ச்சினால் ருசி கூடும் என்று நம்பினார்கள். திராட்சையின் அமிலமும் ஈயமும் சேர்ந்து இனிப்பான ஈய உப்பு உண்டாகும்; ருசி கூடியது உண்மைதான், கூடவே விஷமும்.

பெர்ராவின் பிபி10 என்ற பியர், கன்னோனாவு என்ற சிவப்புத் திராட்சையின் சாபாவைப் போட்ட, 10 சதவீத ஆல்கஹால் உள்ள கறுப்புப் பியர். (கன்னோனாவு வேறொன்றுமில்லை, பிரான்சில் கிரெனாஷ், ஸ்பெயினில் கர்னாச்சா என்கிறார்களே, அதே ரகம்தான்.) பிறகு மால்வசியா, நாஸ்கோ என்று மற்ற உள்ளூர் ரகங்களின் சாபாவிலும் பியர்கள் வந்தன. சாபாவால் ஒரு வசதி, பாகு கெடாது. அறுவடை நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், எந்த மாதத்திலும் காய்ச்சலாம்.

மோந்தேஜோகோ பியெத்மோந்தேயில், அலெஸ்ஸாந்த்ரியா மாவட்டத்தில், தொர்த்தோனா குன்றுகளுக்கு நடுவில் உள்ள சிற்றூர். ஆலையின் பெயரும் அதுவே. நடத்துபவர் ரிக்கார்தோ ஃப்ரன்ஸோசி. அவருடைய தத்துவம் எளிது: பக்கத்துத் தோட்டத்தில் என்ன பழுக்கிறதோ அது பியருக்குள் போகும். பக்கத்து ஊரான வொல்பேதோவில் பீச் பழம் பேர்போனது. அதைப் போட்டு 'குவார்த்தா ரூனா' என்று ஒரு பியர். திமொராஸ்ஸோ என்ற வெள்ளைத் திராட்சையைப் போட்டு 'திபிர்'. சிவப்புத் திராட்சையில் 'ஓபன் மைண்ட்'.

இந்தத் திமொராஸ்ஸோவில்தான் மேலே சொன்ன ஒயின் கதை வந்து ஒட்டுகிறது. இந்த ரகம் தொர்த்தோனா குன்றுகளின் சொந்தச் சொத்து. ஆனால் விளைச்சல் குறைவு, பராமரிப்பு அதிகம். விவசாயிகள் பிடுங்கிப் போட்டுவிட்டு நல்ல மகசூல் தரும் ரகங்களுக்கு மாறிவிட்டார்கள். 1980-களில் அழிவின் விளிம்பு. மோன்லியாலே ஊரைச் சேர்ந்த வால்தர் மாஸ்ஸா என்ற ஒயின்காரர்தான் பிடிவாதமாக அதைத் தனியாகப் பிழிந்து பாட்டிலில் அடைத்து, இது குப்பையில் போட வேண்டிய திராட்சை அல்ல என்று காட்டினார். பிறகு மற்றவர்களும் நட ஆரம்பித்தார்கள். ஆக, ஃப்ரன்ஸோசி 'திபிர்' செய்த காலத்தில் அவர் பியருக்குள் போட்டது ஏதோ ஒரு பழச்சாறு அல்ல. அந்தக் குன்று அப்போதுதான் இழக்காமல் காப்பாற்றிக்கொண்ட ஒன்றை. பாரம்பரிய நெல் மீட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதன் கனம் சட்டென்று புரியும்.

இவர்களுக்குப் பின்னால் வந்தவர்களில் இரண்டு பேரைச் சொல்லாமல் விட முடியாது. லியொனார்தோ தி வின்சென்ஸோ 2005-இல் தொடங்கிய பிர்ரா தெல் போர்கோ, 'லெக்விலிப்ரிஸ்தா' என்று ஒரு பியர் செய்தது. கயிற்றின்மேல் நடப்பவன் என்று அர்த்தம். தங்கள் 'துக்கெஸ்ஸா' பியரின் மால்ட் சாற்றோடு சாஞ்ஜொவேசே திராட்சைச் சாற்றைக் கிட்டத்தட்ட 40 சதவீதம் வரை கலந்து, பிறகு ஷாம்பெயின் செய்வது போலவே பாட்டிலுக்குள் மறுபடி நொதிக்கவைத்தார்கள். பெயருக்கேற்ற வித்தை: கொஞ்சம் சாய்ந்தால் ஒயின், கொஞ்சம் சாய்ந்தால் பியர். (அந்த ஆலையை 2016-இல் உலகின் மிகப் பெரிய பியர் நிறுவனமான ஏபி இன்பெவ் வாங்கிவிட்டது. அது வேறு சோகக் கதை, இங்கே வேண்டாம்.)

இன்னொருவர் வால்தெர் லொவெரியேர். தூரின் நகரத்துக்குப் பக்கத்தில் மரெந்தீனோவில், 2009-இல் லவர்பியர் என்ற ஆலையைத் திறந்தார். அவருடைய 'பியர்பேரா' (பியர், பார்பேரா இரண்டையும் சேர்த்த சொல்விளையாட்டு) எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி. மற்றவர்கள் எல்லோரும் பியருக்குத் திராட்சையின் சர்க்கரையையும் வாசனையையும் சேர்த்தார்கள். நொதிக்கவைத்தது கடையில் வாங்கிய பியர் ஈஸ்ட்தான். லொவெரியேர் ஈஸ்ட்டே போடவில்லை. பார்பேரா திராட்சையைத் தோலோடு நசுக்கி மால்ட் சாற்றில் போட்டார். தோட்டத்தில் திராட்சைத் தோலின்மேல் தானாகப் படிந்திருக்கும் காட்டு ஈஸ்ட் வந்து முழு வேலையையும் செய்தது. நம் ஊரில் இட்லி மாவுக்கு யாரும் ஈஸ்ட் வாங்குவதில்லையே, அது மாதிரி. அங்கே திராட்சை சேர்மானப் பொருள் மட்டுமல்ல. பியரையே உண்டாக்குகிற ஆள்.

கொஞ்சம் வேதியியலும் பார்த்துவிடலாம், ஏனென்றால் இது சும்மா இரண்டு பானத்தைக் கலக்கிற காக்டெயில் இல்லை. மால்ட் சாற்றில் முக்கியமாக இருப்பது மால்டோஸ். கூடவே ஈஸ்ட் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின்களும் உண்டு. பியர் வாயில் கொஞ்சம் கனமாக, ரொட்டி மாதிரி நிற்பதற்கு அவைதான் காரணம். திராட்சையில் இருப்பது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்; இரண்டையும் ஈஸ்ட் மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். அதனால் திராட்சை சேரச் சேர ஆல்கஹால் ஏறும், உடல் மெலியும், வறட்சியான ருசி வரும். இனிப்பான பழம் போட்டால் பியர் இனிக்கும் என்று நினைப்போம், நடப்பது நேர்மாறு. அடுத்து அமிலம். சாதாரணப் பியரின் பி.எச். 4-லிருந்து 4.5 வரை, ஒயினுடையது 3-லிருந்து 3.6 வரை. திராட்சையின் டார்டாரிக் அமிலம் பியருக்கு இல்லாத ஒரு கூர்மையைக் கொண்டுவரும். அப்புறம் தோலின் துவர்ப்பு, டானின். அது மால்ட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பியரைக் கலங்கலாக்கும். ஹாப்ஸின் கசப்போடு சேர்ந்தால் நாக்கைச் சுரண்டும். அதனால்தான் இந்த வகையில் ஹாப்ஸ் அடக்கி வாசிக்கிறது.

ஈஸ்ட்டுக்கும் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. சுலபமான குளுக்கோஸ் முன்னால் இருந்தால் அதையே முதலில் தின்னும். அது தீர்ந்தபின் மால்டோஸுக்கு மாற மனசு வராமல் சில சமயம் பாதியில் நின்றுபோகும். சாம்பாருக்கு முன்னாலேயே பாயசம் போட்டுவிட்டால் குழந்தை சோறு சாப்பிடாது இல்லையா, அதே கதை. முதலில் மால்ட்டை நொதிக்க விட்டு, நடுவில் திராட்சைச் சாற்றைச் சேர்ப்பது இதற்கு ஒரு வழி.

எல்லாவற்றுக்கும் மேல் காலம். மால்ட்டும் ஹாப்ஸும் உலர்ந்த சரக்கு. மூட்டையைப் பிரித்தால் எந்த மாதமும் பியர். பச்சைத் திராட்சைச் சாறு வருஷத்தில் ஒரே ஒரு முறை, செப்டம்பர் வாக்கில், அறுவடை நாளில்தான். போன வருஷம் மழை அதிகம், இந்த வருஷம் வெயில் அதிகம் என்ற பேச்சு ஒயின்காரர்களுக்குத்தான் உண்டு, பியர்காரர்களுக்குக் கிடையாது. திராட்சை வந்தபின் அவர்களுக்கும் வந்தது. 'இந்த வருஷத்துப் பியர்' என்று ஒன்றைச் சொல்ல முடிந்தது.

மொழியில் ஒரு வேடிக்கை. இத்தாலிய மொழியில் பிழிந்த திராட்சைச் சாற்றுக்கு 'மோஸ்தோ' என்று பெயர். நொதிக்கும் முன்பிருக்கும் மால்ட் சாற்றுக்கும் 'மோஸ்தோ'தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல். இத்தாலியப் பியர்காரர் மோஸ்தோவில் மோஸ்தோவை ஊற்றுகிறார், அவ்வளவுதான். ஆனால் வரி அலுவலகம் அப்படிப் பார்ப்பதில்லை. இத்தாலியில் ஒயினுக்குக் கலால் வரி பூஜ்யம். பியருக்கு, சாற்றில் எவ்வளவு சர்க்கரைச் சத்து இருந்தது என்று 'பிளாட்டோ' டிகிரியில் கணக்கிட்டு, 100 லிட்டருக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 3 யூரோ. 17 டிகிரி பியர் என்றால் லிட்டருக்கு அரை யூரோ வரியாகவே போகும். 2019 முதல் சின்ன ஆலைகளுக்குத் தள்ளுபடி உண்டு என்றாலும் கணக்கு இதுதான். ஒரே தோட்டத்துத் திராட்சை பக்கத்து ஒயின் அறைக்குள் போனால் வரியில்லை. பியர் தொட்டிக்குள் போனால் வரி. 1962-ஆம் வருஷப் பியர் சட்டமோ, மால்ட்டுக்குப் பதிலாக வேறு தானியம் 40 சதவீதம் வரை போடலாம் என்று தானியத்தை மனசில் வைத்து எழுதப்பட்டது. கைவினைப் பியர் என்றால் என்ன என்று சட்டம் வரையறுத்ததே 2016-இல்தான்: பாஸ்டரைஸ் செய்யக் கூடாது, நுண்வடிகட்டல் கூடாது, வருஷத்துக்கு 2 லட்சம் ஹெக்டோலிட்டருக்கு மேல் போகக் கூடாது, பெரிய ஆலையின் பிடியில் இருக்கக் கூடாது.

இந்த நிலையில்தான் 2015-இல் பி.ஜே.சி.பி.யின் அங்கீகாரம் வந்தது. ஆல்கஹால் 4.8-லிருந்து 10 சதவீதம் வரை, திராட்சை 40 சதவீதம் வரை என்று தாராளமான வரையறை. இத்தாலியின் பெயரோடு உலகப் பியர் பட்டியலில் ஒரு வகை. மரபு இல்லாதவர்களுக்கு மரபு என்று ஒரு சான்றிதழ்.

இனி மறுபக்கம். திராட்சையையும் தானியத்தையும் சேர்த்து நொதிக்கவைத்தது இத்தாலியர்தான் முதலா? நிச்சயமாக இல்லை. துருக்கியில் கோர்டியன் என்ற இடத்தில் 1957-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகம் தோண்டிய அரச கல்லறை கி.மு. 740 வாக்கினது. மைதாஸ் அரசனோடு தொடர்புடைய கல்லறை அது. ஈமவிருந்தில் பயன்பட்ட வெண்கலப் பாத்திரங்களின் அடியில் ஒட்டியிருந்ததை வேதியியலர் பாட்ரிக் மெக்கவர்ன் ஆராய்ந்தபோது, திராட்சை, பார்லி, தேன் மூன்றும் கலந்த பானத்தின் தடயம் கிடைத்தது. சீனாவின் ஜியாஹூவில், சுமார் 9,000 வருஷத்துக்கு முந்தைய பானைகளில் அரிசி, தேன், பழம் கலந்த பானம். அதாவது ஒயின் வேறு, பியர் வேறு என்ற பிரிவினையே பிற்காலத்தியது. பழைய மனிதன் இனிப்பாக என்ன கிடைத்ததோ எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டான்.

சமீப காலத்துக்கே வந்தாலும், பிரஸ்ஸல்ஸ் நகரத்தின் கான்டியோன் ஆலை இத்தாலியர்களுக்கு வெகு முன்பே தன் லாம்பிக் பியரில் மஸ்கட் திராட்சையை ஊறப்போட்டது. 'வின்யெரோன்' என்று பெயர். சாங் எமிலியோன் பக்கத்து மெர்லோ, கபர்னே ஃப்ரான் திராட்சையில் 'சாங் லாம்வினஸ்'. (மஸ்கட்டின் வாசனை எப்படி இருக்கும் என்று யோசிப்பவர்களுக்கு: கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை அந்தக் குடும்பம்தான், மஸ்கட் ஹாம்பர்க். அந்தப் பன்னீர் வாசனையைப் பியரில் நினைத்துப் பாருங்கள்.) அமெரிக்காவில் டாக்ஃபிஷ் ஹெட் ஆலை, மெக்கவர்னின் கோர்டியன் ஆய்வை வைத்து மஸ்கட், தேன், குங்குமப்பூ போட்டு 'மைதாஸ் டச்' என்ற பியரை விற்றது. பின்னால் 'நோபிள் ராட்' என்று ஒன்றில் நொதிக்கும் சர்க்கரையில் 49.5 சதவீதம் திராட்சையிலிருந்தே வரும்படி செய்தார்கள். பாதிக்கு மயிரிழை குறைவு, பியர் என்ற பெயர் தப்பியது.

அப்படியானால் 2021-இல் 'இத்தாலியன்' என்ற சொல்லை எடுத்தது நியாயமா? பல நாடுகளிலும் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள், எனவே பொதுப்பெயர் என்பது கையேட்டின் நோக்கில் புரிகிறது. கலிபோர்னியாவின் ஃபயர்ஸ்டோன் வாக்கர் ஆலையின் பியரும் இப்போது உதாரணப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் கான்டியோன் செய்தது லாம்பிக்கின் ஒரு கிளை. டாக்ஃபிஷ் ஹெட் செய்தது தொல்லியல் விளையாட்டு. இரண்டிலும் திராட்சை ஒரு விருந்தாளி. ஊர் ஊராக, அந்தந்த மண்ணின் ரகத்தைப் பெயர் சொல்லி எடுத்து, கன்னோனாவு, திமொராஸ்ஸோ, பார்பேரா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பியர் உண்டாக்கி, அதை ஒரு வகையாகவே வளர்த்தது இத்தாலியர்கள்தான். முதலில் செய்தவர்கள் என்ற உரிமை அவர்களுக்குக் கிடையாது. பெயர் வாங்கித் தந்தவர்கள் என்ற உரிமை உண்டு, அதைப் பறித்தது சரியில்லை என்பது என் கட்சி. அமெரிக்காவில் ஹாப்ஸ் ஏற்றிய ஐ.பி.ஏ.வை உலகம் முழுக்கக் காய்ச்சுகிறார்கள். அதற்காக 'அமெரிக்கன் ஐ.பி.ஏ.' என்ற பெயரிலிருந்து அமெரிக்காவை யாரும் எடுக்கவில்லையே.

2021 வரையறை இன்னொன்றையும் செய்தது. ஆல்கஹால் 6-லிருந்து 8.5 சதவீதம் என்று எல்லை சுருங்கியது. பெர்ராவின் 10 சதவீதப் பிபி10, இந்த வகையைத் தொடங்கிய பியர்களில் ஒன்று, எண்களின்படி இப்போது தன் வகைக்கே வெளியே நிற்கிறது.

இத்தாலியில் இதைப் பெரிதாக யாரும் கண்டுகொண்ட மாதிரி தெரியவில்லை. சின்ன ஆலைகளின் சங்கமான உனியோன்பிர்ராய் நடத்தும் 'பிர்ரா தெல்லான்னோ' போட்டியில் திராட்சைப் பியர்களுக்கென்று தனிப் பிரிவுகள் இருக்கின்றன. பாட்டில் லேபிள்களில் அந்த மூன்று எழுத்து, ஐ.ஜி.ஏ., அப்படியேதான் அச்சாகிறது. முதல் எழுத்து எதைக் குறிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.